நல்லா இருக்கிற சங்கிலி

— என்னளா முத்துக்கனி, கொழம்பு இந்த எரி எரியுது? சங்கச் செயலாளரு பேச்சுவார்த்தையில ஜெயிச்சுட்டு வந்திருக்கேன், கொஞ்சம் பாத்து வைக்கக் கூடாதா?

— மெதுவாச் சாப்பிடுங்க. வாய்ச் சோதனைக்கு மேனேஜர் நெசமாவே ஒத்துக்கிட்டாரா?

— ஒத்துக்காம எங்க போவாரு? இன்சூரன்சுக்காரன்தான் மொதல்ல துள்ளுனான். சீக்கு வந்தவனுக்குத்தான் எங்க பணம், நல்லா இருக்கவனுக்கு எதுக்குச் சோதனைன்னு கேக்கான்.

— நீங்க என்ன சொன்னிய?

— ஐயா, கப்பல்ல சரக்கு தூக்குத சங்கிலிய எப்பம் பாக்கீய, அறுந்து விழுந்த பொறவா? நல்லா இருக்கும்போதே பாக்கீயல்லா? அந்த மருவாதி மனுசனுக்குக் கெடையாதான்னு கேட்டேன். மேனேஜரே, ‘சிவனாண்டி சொல்லுதது சரிதான், சோதனைச் செலவையும் இன்சூரன்சுல சேத்துருவோம்’ன்னுட்டாரு.

— சங்கிலிக் கதைய நாந்தான சொல்லிக் குடுத்தேன்.

— அடுப்படியில சொன்னா யாருக்குக் கேக்கும்? அதுக்கு என் தொண்டை வேணும். ஆனா ஒன்னு, இதக் கோரிக்கையில சேக்காம தூக்குச்சட்டியில சோறு வராதுன்னு தெருப் பொம்பளைங்க அத்தன பேரும் நின்னீய பாரு, அதுலதான் எங்க சங்கத்துப் பயலுவ எறங்கி வந்தானுவ. காசிலிங்கம் பசியில மொத ஆளாக் கையத் தூக்குனான்.

— பின்ன, எங்க அண்ணன் போன மாதிரி இன்னொருத்தர் போகணுமா? பொகையில போட்டுப் போட்டு வாயி வெந்துச்சு. ஆஸ்பத்திரிச் செலவு பூரா இன்சூரன்சு குடுத்துச்சு. அண்ணனத்தான் யாராலயும் குடுக்க முடியல.

— சோத்துக்கு முன்னால அத எதுக்கு நெனைக்க?

— வாயி எரிஞ்சு லேசா வெள்ளை படியும்போதே பாத்துட்டா காப்பாத்திரலாம்னு நர்சம்மா சொன்னாவ. டாக்டர் என்னைக்கு வாராரு?

— வியாழக்கிழமை. சரக்கு அடுக்குத கிட்டங்கியிலயே வச்சு, டார்ச் லைட் அடிச்சு ஒவ்வொருத்தன் வாயாப் பாப்பாராம். பொகையில போடுத பயலுவ மூஞ்சியப் பாக்கணுமே அன்னைக்கு.

— மொத ஆளா நீங்க உக்காருங்க.

— நானா? எனக்கென்னளா, இத்தன வருசம் பொகையில போட்டும் கல்லு கணக்கா இருக்கேன்.

— நல்லா இருக்கும்போதே பாக்கணும்னு மேனேஜர்கிட்ட முழங்குனது யாரு?

— அது பேச்சுவார்த்தைக்குப் பேசுத பேச்சு. இவ ஒருத்தி, என் வாயாலயே என்னைய மடக்குதா.

— வாயப் பத்திதான் நானும் பேசுதேன். உக்காருவியளா மாட்டியளா?

— உக்காருதேன், தாயே, உக்காருதேன். மொதல்ல மோர ஊத்து, எரிச்சல் தாங்கல. எத்தன மிளகாயளா அரைச்சுப் போட்ட?

— மிளகாயா? பொங்கல் கழிஞ்சதுல இருந்து இந்த வீட்டுக் கொழம்புல வெறும் மல்லியும் தேங்காயுந்தான். பின்ன எதுக்குத் தெருவையே கூட்டிச் சோத்த நிறுத்துனேன்னு நெனைச்சிய?