பொன்னி அக்கா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், நாளை இரங்கல் கூட்டத்தில் நான் பேசி முடிக்கும்வரை ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக உப்பள மேஸ்திரியிடம். அவர் என் அப்பா.

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உப்பளப் பெண்கள் சங்கச் செயலாளர், நம் பொன்னி அக்கா இல்லாத முதல் கூட்டம் இது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் சாவுக்கு ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார்கள்: டீஹைட்ரேஷன். நமக்குப் பழகிய சொல்தான். தலை சுற்றினாலும் சொல்கிறோம், வயிற்றுப்போக்குக்கும் சொல்கிறோம். அகராதியில் தேடினேன். நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாம். நீரை நீக்குதல் என்று பொருள். முதலில் வேதியியலில் வழங்கியதாம், மனித உடம்புக்குப் பிறகுதான் வந்ததாம். பாத்தியில் உப்புநீருக்கு நாம் செய்வதை அக்காவுக்குச் செய்தது யார்?

விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. அவசரமென்றால் நாலு பேர் புடவை பிடித்து மறைக்க வேண்டும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள் எனக்கும் அக்கா மறைப்புப் பிடித்தார். "சீக்கிரம்டி பூவிழி, கை வலிக்குது, வுட்டுட்டு ஓடிடுவேன்!" கூச்சத்தில் அழ இருந்தவள் சிரித்துவிட்டேன்.

கழிப்பறை கேட்டு அக்கா மனு கொடுத்தார். "இவ்ளோ பெரிய வெளி இருக்குது, கக்கூஸ் கேக்குதா உங்களுக்கு?" என்றார் அப்பா.

"அப்ப உங்க வூட்டு பாத்ரூம இடிச்சிடலாமா மேஸ்திரி?"

உப்பளமே சிரித்தது. ஒரு வாரம் அக்காவுக்கு வேலை இல்லை. திரும்பி வந்தவர் இன்னொரு மனுவோடுதான் வந்தார்!

சித்திரை வெயிலில், தலையில் உப்புக் கூடையோடு விழுந்தார். பிறகு எழவில்லை.

நாளை நான் படிக்க அப்பா ஒரு தாள் எழுதித் தந்திருக்கிறார். "தம் உடல்நலத்தில் அக்கறையின்றி இருந்துவிட்டார்" என்று அதில் ஒரு வரி. ஏன்பா என்று கேட்டேன். "தண்ணி குடிக்காதது அவ தப்பு. எழுதினத மட்டும் படி."

படிக்க மாட்டேன்! தாகத்தை அடக்கியது அக்கறையின்மையா? மானத்தோடு இருக்க நினைத்தது தப்பா?

அக்கா, உங்கள் இரண்டாவது மனுவில் எல்லாப் பெண்களும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். நாளை அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கும். கழிப்பறை எழும்பும்வரை அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடப்போம். உங்கள் முதல் மனுவை யார் கிழித்துப் போட்டார் என்பதை எல்லோர் முன்னிலும் சொல்வேன். என் அப்பா

கதவைத் தட்டுகிறார்.