பஸ்ரியனுக்குப் பூப்போட்ட ஆறு

றோஸ்மேரி: என்னது? கோயில் வேண்டாமோ? நீங்களோ மச்சாள் உப்பிடிச் சொல்லுறியள்?

கிளடிஸ்: ஏன் கத்துறாய்... பக்கத்து அப்பார்ட்மென்றுக்குக் கேக்கப்போகுது. சிற்றி ஹோலில போய் ரெண்டுபேரும் கையெழுத்து வைப்பியள். பேந்து இஞ்ச ஒரு சாப்பாடு. காணும்தானே?

றோஸ்மேரி: பூசைக்குப் பிந்தி வாற சனத்தைத் திரும்பித் திரும்பி முறைக்கிற ஆள் நீங்கள். உங்கட வாயாலயோ இந்தக் கதை?

கிளடிஸ்: இக்னேசியஸுக்கும் அது சம்மதம்.

றோஸ்மேரி: அவருக்குச் சம்மதமோ! நான் இன்னும் ஓம் எண்டே சொல்லேல்லையே!

கிளடிஸ்: இண்டைக்குச் சொல்லு. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டனான்.

றோஸ்மேரி: கயானா வீடியோ பாக்க வா எண்டெல்லே கூப்பிட்டனியள்?

கிளடிஸ்: ரெண்டுக்கும்தான். நல்ல மனிசன் றோஸ்மேரி. குடி இல்லை. என்ர மனிசனோட ஒரே பக்ரறி, ஒரே ஷிப்ற். அஜின்கோர்ட்டில சின்ன வீடொண்டும் பாத்து வைச்சிருக்கிறார்.

றோஸ்மேரி: பொறுங்கோ, பொறுங்கோ. நான் போன வருஷம் சிவப்புச் சேலை உடுத்ததுக்கு, ‘என்ர தம்பியை அதுக்குள்ள மறந்திட்டியோ’ எண்டு என்னோட கதைக்காமல் விட்டது ஆர்?

கிளடிஸ்: நான்தான்.

றோஸ்மேரி: ரெண்டு கிழமை கயானாவில நிண்டிட்டு வந்து மாப்பிள்ளை பேசுறியள். அங்க என்ன தண்ணி குடிச்சனியள்?

கிளடிஸ்: பகிடி விடாத. மனிசர் மாறக்கூடாதோ? ஆறு வருஷம் தனியா இருந்தது காணும். உன்ர வயசுக்கு...

றோஸ்மேரி: எனக்குக் கலியாணம் வேண்டாம் மச்சாள். எத்தினை தரம் சொல்லுறது? வீடியோவைப் போடுங்கோ.

கிளடிஸ்: யோசிக்கிறன் எண்டாவது சொல்லு.

றோஸ்மேரி: போடுங்கோ முதல்ல. படகில போனதைப் பாக்கத்தான் நான் லோரன்ஸ் பஸ்ஸில நிண்டுகொண்டு வந்தனான்.

கிளடிஸ்: சரி, சரி... இந்த வீடியோ டெக் இழுபட்டுத்தான் ஓடும். ஆ... வந்திட்டுது. இது ராம்பர்சாட்டின்ர மகளின்ர கலியாண வீடு. இவரோட வேலை செய்யிற கயானாக்காரன் எண்டனே, அவர்தான் அந்தத் தொப்பிக்காரன்.

றோஸ்மேரி: கலியாணத்தை ஓடவிடுங்கோ. ஆறு எங்க?

கிளடிஸ்: உனக்கு ஆத்தில என்ன அவ்வளவு அவசரம்? நாங்கள் போகேக்க, ‘ஆத்துப் பக்கம் போகவேண்டாம், பூவும் போடவேண்டாம், மனசு உடைஞ்சு போவியள்’ எண்டு காலைப் பிடிச்சுக் கெஞ்சினனி.

றோஸ்மேரி: கெஞ்சினனான்தான். நீங்கள் கேட்டியளோ? போயிட்டியள். இனி என்ன... பாப்பம்.

கிளடிஸ்: இந்தா, இதுதான் படகு. நீளமா, தகரக் கூரையோட. நாங்கள் பத்துப் பேர். வெள்ளையள்தான் கூட. முன்னுக்கு நிக்கிறவன் வழிகாட்டி, வின்ஸ்ரன்.

றோஸ்மேரி: மோட்டர் பிடிச்சு ஓட்டுறவன்ர முகம் தெரியேல்லையே.

கிளடிஸ்: அவன் ஒரு கிழவன். அவன்ர முகம் உனக்கு என்னத்துக்கு?

றோஸ்மேரி: சும்மா கேட்டனான்... ஐயோ, றெமி அண்ணைக்கு அந்தப் பாதுகாப்புச் சட்டை பூட்டுப்படேல்ல! வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது!

கிளடிஸ்: எல்லாரும் இவரைப் பாத்துச் சிரிச்சவை. இந்தா பார், நீர்நாய். ஆள் நீளம் இருக்கும். தலையைத் தூக்கிக் குரைச்சுக்கொண்டு படகுக்குப் பின்னால வந்ததுகள்.

றோஸ்மேரி: எனக்கு மயிர்க்கூச்செறியுது. பல்லைப் பாருங்கோ!

கிளடிஸ்: இது குரங்கு. சத்தம் கேக்குதோ? புயல் வருதெண்டு நான் குந்திட்டன். வின்ஸ்ரன் சொல்லுறான், மேடம், அது குரங்கின்ர தொண்டை எண்டு. அந்தக் கொண்டைப் பறவை சாணி மாதிரி மணக்கும். அதை ஒருத்தரும் சாப்பிடமாட்டினமாம்.

றோஸ்மேரி: இது... நீங்கள் எழும்பி நிக்கிறியள். என்ன கையில? பூவளையமோ?

கிளடிஸ்: ம்.

றோஸ்மேரி: மச்சாள்...

கிளடிஸ்: அவனை இஞ்ச கொண்டுவாறன் எண்ட ஏஜென்ற் சொன்ன இடம் எதெண்டு ஆருக்குத் தெரியும்? ஆத்தில படகு கவிண்டது, பதினொரு சனமும் போயிட்டுது எண்டதுதானே அவன் சொன்னது. நடு ஆத்தில நிப்பாட்டச் சொல்லி, அதில போட்டனான். அந்த வெள்ளைக்காரியள்கூடத் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டவை. நீ ஏன் அங்கால பாக்கிறாய்? உன்ர புருஷனுக்குப் போட்ட பூ. பார்.

றோஸ்மேரி: பாக்கிறன். பாக்கிறன்... இனி எங்க போனனியள்? குடிமனை ஒண்டுக்கும் போகேல்லையோ?

கிளடிஸ்: போனது. அந்தக் காட்டின்ர சொந்தச் சனத்தின்ர ஊர், அறவாக்கு எண்டு சொல்லுவினம். மரவள்ளிதான் அவையின்ர சாப்பாடு. எங்கட மரவள்ளி மாதிரித்தான், ஆனா நஞ்சு மரவள்ளி. திருவி, ஓலையால பின்னின ஒரு நீளக் குழாய்க்குள்ள அடைச்சுத் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கம் தடியைக் குடுத்து ஏறி இருக்கினம். நஞ்சுத் தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கும். பேந்து மாவை அரிச்சுப் பெரிய ரொட்டி சுடுகினம்.

றோஸ்மேரி: அதைக் காட்டுங்கோவன்.

கிளடிஸ்: வீடியோவில இல்லை.

றோஸ்மேரி: இல்லையோ? நீர்நாயின்ர பல்லு வரைக்கும் எடுத்த றெமி அண்ணை ஊரை எடுக்கேல்லையோ?

கிளடிஸ்: கேக்காமல் படம் எடுக்கக்கூடாதாம். இறங்க முதல் கமெராவை நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். அவையின்ர ஊர், அவையின்ர சட்டம். அந்தப் பெரியவர் வந்து ஓம் எண்டு சொல்லும்வரைக்கும் காலைக்கூடக் கரையில வைக்கேலாது.

றோஸ்மேரி: இந்தா, கரை தெரியுதே... ஆ, அந்தப் பிள்ளையைப் பாருங்கோ! பெரியாக்களின்ர றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு துள்ளுறாள். என்ன சிரிப்பு!

கிளடிஸ்: றிமோட்டைத் தா. இவ்வளவுதான். முடிஞ்சுது.

றோஸ்மேரி: இன்னும் ஓடுதே.

கிளடிஸ்: இனிக் கறுப்புத்தான். தேத்தண்ணி போடுறன், இரு. குடிச்சுக்கொண்டு இக்னேசியஸின்ர கதையைக் கதைப்பம்.

றோஸ்மேரி: நான் அந்தக் கதைக்கு வரேல்ல. சரி, தேத்தண்ணி போடுங்கோ... மச்சாள், இம்முறை தம்பியாருக்கு ஆண்டுப் பூசைக்குச் சொல்லேல்லையோ? பங்குச் சுவாமி என்னட்டை விசாரிச்சவர்.

கிளடிஸ்: மறந்துபோனன்.

றோஸ்மேரி: நீங்கள் மறக்கிறதோ? வந்த நாளில இருந்து பூசையில நன்மை அப்பம் எடுக்கவும் போகேல்லையாம், சுவாமிதான் சொன்னவர்.

கிளடிஸ்: சுவாமிக்கு வேற வேலை இல்லையோ! சீனி எவ்வளவு?

றோஸ்மேரி: ஒண்டரைக் கரண்டி... மச்சாள், கறுப்பில்லை. படம் ஓடுது. படகின்ர அடித்தட்டு தெரியுது. உங்கட செருப்பு!

கிளடிஸ்: என்ன?

வீடியோவில் றெமிஜியஸ்: நிப்பாட்டிப்போட்டன், நிப்பாட்டிப்போட்டன். கிளடிஸ், மெல்ல இறங்கும். தட்டு வழுக்கும்.

கிளடிஸ்: றோஸ்மேரி, உதை நிப்பாட்டு!

வீடியோவில் ஓர் ஆண்: வாட்ச் யுவர் ஸ்ரெப், மேடம். கிவ் மீ யுவர்... அக்கா?

கிளடிஸ்: றிமோட் எங்க? றிமோட்டைத் தா!

வீடியோவில் கிளடிஸ்: பஸ்ரியன்! மாதாவே! தம்பி! இப்பதான்ரா உனக்குப் பூப்போட்டிட்டு வாறன்! நடு ஆத்தில இப்பதான்ரா... டேய்... உன்னைச் செத்திட்டாய் எண்டெல்லேடா...

வீடியோவில் றெமிஜியஸ்: பிடி! பிடி! விழப்போறா!

வீடியோவில் ஒரு குழந்தை: டடா! டடா!

கிளடிஸ்: நிப்பாட்டு எண்டு சொன்னனெல்லே! ஐயோ... வயரைப் புடுங்கிப்போட்டன். இந்தப் பெட்டியை உடைச்சாத்தான் எனக்கு ஆறும். இந்த மனிசன்! கமெராவை நிப்பாட்டத் தெரியாத மனிசன்! மடியில வைச்சுக்கொண்டு... யேசுவே, நான் இதைப் பாக்கேல்லையே, பாக்க மனமில்லாமல் விட்டனே... றோஸ்மேரி. என்னைப் பார். கோபிக்காத. நான் உன்னை ஏமாத்த நினைக்கேல்ல பிள்ளை. இந்தா, தேத்தண்ணியும் ஊத்துண்டுபோச்சு...

றோஸ்மேரி: அந்தக் குரல்...

கிளடிஸ்: ஓம். அவன்தான். உன்ர புருஷன்தான். உயிரோட இருக்கிறான். படகு கவிழேல்லையாம். ஏஜென்ற் எல்லாரையும் காட்டுக்குள்ள இறக்கிவிட்டிட்டு ஓடிட்டானாம். தன்ர குற்றத்தை மறைக்க ஆத்தோட போயிட்டினம் எண்டு கதை கட்டிவிட்டவன், பரதேசி! இவனுக்கு மலேரியா. அந்த ஊர்ச் சனம் தூக்கிக்கொண்டுபோய்ப் பாத்திருக்குதுகள். சுகப்பட்ட பிறகு, படகு தெரிஞ்சவன் எண்டு சுற்றுலாக்காரர் கரையில வேலை குடுத்திருக்கினம்.

றோஸ்மேரி: அது சரி... டடா எண்டு கூப்பிட்டது ஆர்?

கிளடிஸ்: முதல்ல இந்தத் தேத்தண்ணியைத் துடைக்கிறன், பொறு.

றோஸ்மேரி: ஆர் மச்சாள்?

கிளடிஸ்: அதுதான் சொல்லேலாமல் கிடந்தனான். அந்த ஊரிலதான்... காய்ச்சலுக்கு மருந்து காய்ச்சிக் குடுத்த வீட்டுப் பெட்டை. நல்ல பெட்டை. அவள்ல பிழை சொல்ல என்னால ஏலாது, அவள் என்ர காலைக் கழுவித் துடைச்சுவிட்டவள்.

றோஸ்மேரி: செருப்புப் போட்டுக்கொண்டு துள்ளின பிள்ளை...

கிளடிஸ்: மூத்தவள். தொட்டிலில இன்னொண்டு.

றோஸ்மேரி: ரெண்டோ? ரெண்டு பிள்ளையோ!

கிளடிஸ்: என்ர கையைப் பிடிச்சு அழுதான் றோஸ்மேரி. ‘நான் செத்தவனாவே இருக்கிறன் அக்கா, அவளுக்குச் சொல்லிப்போடாத. நல்ல ஒருத்தனாப் பாத்துக் கட்டிக்குடு. அவள் ஒருத்தனோட சந்தோஷமா இருந்தாத்தான் எனக்கு நித்திரை வரும்’ எண்டான். நான் என்ன செய்ய? ரெண்டு கன்னத்திலயும் அறைஞ்சனான். பேந்து நானும் அழுதனான்.

றோஸ்மேரி: அதுதானோ இக்னேசியஸ்.

கிளடிஸ்: அதுதான். உயிரோட புருஷன் இருக்கிற பொம்பிளையைப் பீடத்தில கொண்டுபோய் நிப்பாட்டி, மாதாவுக்கு முன்னால பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. சிற்றி ஹோல் எண்டாப் பாவம் கொஞ்சம் குறைவெண்டு... எனக்கே தெரியும், விசர்க் கதை. உயிரோட இருக்கிறவனுக்கு ஆண்டுப் பூசை குடுக்கவும் ஏலாது. பாவசங்கீர்த்தனத்தில போய் இதைச் சொல்லவும் நாக்கு எழும்பேல்ல. நன்மை எடுக்காமல் கடைசி வாங்கில இருந்திட்டு வாறன்.

றோஸ்மேரி: பெரியவளுக்கு எத்தினை வயசு?

கிளடிஸ்: இப்ப உதுவோ முக்கியம்? அழுதுபோடு. வாய்விட்டு அழு. என்னை அடி வேணுமெண்டா.

றோஸ்மேரி: எத்தினை வயசெண்டு கேக்கிறன்!

கிளடிஸ்: நாலு. போன மாசம்தான் நாலாம்.

றோஸ்மேரி: நாலு... வடிவாத் தெரியுமோ? நாலுதானோ?

கிளடிஸ்: தாய்தான் சொன்னவள், விரலைக் காட்டி. ஏன்?

றோஸ்மேரி: அப்ப... பிறந்தது தொண்ணூத்தி நாலில. கடவுளே... தொண்ணூத்தி நாலிலயே.

கிளடிஸ்: என்ன கணக்குப் பாக்கிறாய்? எனக்குப் பயமாக் கிடக்கு உன்ர முகத்தைப் பாக்க. புருஷன் சாகேல்ல எண்டு சொல்லுறன், நீ... நீ திடுக்கிடவே இல்லையே. அவன்ர குரலைக் கேட்டு நான் விழுந்தனான். நீ கதிரையில அப்பிடியே இருந்தனி. பிள்ளையின்ர சத்தத்துக்குத்தான் உன்ர முகம் மாறினது.

றோஸ்மேரி: தான் தனியத்தான் கிடக்கிறன் எண்டவர்.

கிளடிஸ்: ஆர்?

றோஸ்மேரி: படகுக்காரரோட ஒரு கொட்டிலில படுக்கிறன், தானே சமைக்கிறன் எண்டவர். பேப்பர் அலுவலைத் தொடங்குவம் எண்டு கேட்டா, ‘இப்ப ஆத்தில வெள்ளம், பேந்து பாப்பம்’ எண்டுவார். எத்தினை தரம் வெள்ளம் வந்தது மச்சாள், அந்த ஆத்தில!

கிளடிஸ்: ஆரைப் பற்றிக் கதைக்கிறாய் நீ? ஆர் உனக்கு உப்பிடியெல்லாம் சொன்னது? வாயைத் திறந்து சொல்லு றோஸ்மேரி!

றோஸ்மேரி: உங்கட தம்பிதான் மச்சாள். என்ர அகதிக் கேஸில, புருஷன் செத்திட்டார் எண்டு நான் உண்மையா நம்பித்தான் சொன்னனான். கேஸ் வெண்ட பிறகுதான் அவர் போன் எடுத்தவர்... உயிரோட இருக்கிறார் எண்டு தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயந்து, ரெண்டுபேரும் சேர்ந்து வாயை மூடினனாங்கள். உங்களுக்குச் சொன்னாக் கோயில் முழுக்கத் தெரியவரும் எண்டு உங்களையும் அழவிட்டனான். சிற்றிசன் கிடைக்கும்வரைக்கும் பொறுப்பம் எண்டு அவர்தான் சொன்னவர், பொறுத்தனான். போன மாசம் கிடைச்சிட்டுது. அவருக்குச் சொல்லாமல்... கேட்டாச் சந்தோஷப்படுவார் எண்டு நினைச்சு... நேற்றுத்தான் மச்சாள், என்ர புருஷனைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டிட்டு வந்தனான்.