வேலியில் தொங்கிய பைகள்

தரைதான் முதலில் அதிர்கிறது. சத்தம் பிறகு வருகிறது. ஒரே ஒரு ‘டொம்’. அடுத்து ஜன்னல் கண்ணாடி நொறுங்குகிறது. அதன் பின்னால் தூரத்தில் சரம் வெடிப்பது போலப் படபடவென்று. ஓயவே இல்லை.

“ஜன்னல் பக்கம் நிக்காதீங்க! எல்லாரும் உள்ள வாங்க!” ரூபி சிஸ்டர் கத்துகிறார்.

நான் நகரவில்லை. பிரசவ வலியில் கிடக்கும் சண்முகக்கனியின் வயிற்றில் என் கை இருக்கிறது. வலி ஏறிக்கொண்டிருக்கிறது. வலி பாதியில் இருக்கும்போது கையை எடுக்கக்கூடாது என்று படித்திருந்தேன். அதனால் எடுக்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. வெயில் காலப் பிற்பகல். நான் நர்ஸிங் மாணவி, பிரசவ அறைப் பயிற்சிக்கு வந்திருந்தேன். ரூபி சிஸ்டர்தான் எங்களுக்கு மேற்பார்வை. அவர் கண்டிப்பு ஊரறிந்தது. மாணவி தனியாகப் பிள்ளையை வாங்கக்கூடாது. எங்கள் கை அடியில் இருக்கும், அவர் கை மேலே இருக்கும். அந்தக் கனம் இருந்தால் எனக்குப் பயம் வராது. இன்னொன்றும் சொல்வார். பிள்ளை பெறுகிறவள் காதில் வெளிச் சேதி விழக்கூடாது. நல்லதோ கெட்டதோ, பிள்ளை வந்த பிறகுதான்.

ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு. அதற்கு மேலே புகை. அது என்ன சத்தம் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை. எந்தப் பட்டாசு ஆலை என்றுதான் கேட்பார்கள்.

“எங்கம்மா அங்கனதான் வேலைக்குப் போயிருக்கா,” என்கிறாள் சண்முகக்கனி. “வேலை விட்டதும் சேலை கொண்டாரேன்னா.”

பிறந்த பிள்ளையை முதலில் பொதிய, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல்சேலை வேண்டும். அதைப் பிள்ளையின் ஆச்சிதான் கொண்டுவருவாள். சண்முகக்கனியின் அம்மா வேலம்மாள் காலையிலேயே அதைத் தன் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

“வருவாவ. நீ மூச்சை இழுத்து விடு,” என்றேன்.

ஆம்புலன்ஸ் வருகிறது. இன்னொன்று. ரூபி சிஸ்டரை அவசரப் பிரிவுக்குக் கூப்பிடுகிறார்கள். வாசலில் திரும்பி என்னைப் பார்க்கிறார்.

“ஏட்டி, தலை தெரிஞ்சா உடனே ஆள் அனுப்பு. நீயா வாங்கிராத. இவகிட்ட ஒண்ணும் சொல்லாத.”

போய்விட்டார். அறையில் நாங்கள் இருவரும், என்னோடு படிக்கும் தங்கமும். கந்தக நாற்றம் உள்ளே வந்துவிட்டது. இன்றைக்கும் தீபாவளியன்று நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது அதனால்தான்.

தலை தெரிந்தது. கறுப்பாக, கொஞ்சம் முடி. தங்கம் சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள். அவள் திறந்துபோட்ட கதவு வழியாக ஒரு பெண் வந்தாள்.

தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. கையில் மஞ்சள் துணிப்பை.

“உள்ள வராதீங்க! அங்கனயே நில்லுங்க!”

கத்தினேன். அவள் நிற்கவில்லை. வெடியில் அவள் காது போயிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. நேராகக் கட்டிலுக்கு வந்தாள். பேச்சியம்மாள். வேலம்மாளோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவள், தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் தப்பியவள்.

பட்டாசு ஆலைக்குள் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். போன், சாப்பாட்டுப் பை எல்லாம் வெளியே முள்கம்பி வேலியில் தொங்கும். அவரவர் பையை அவரவர்தான் எடுப்பார்கள். அடுத்தவள் பையைத் தொட்டால் பைக்கு உரியவளுக்கு ஆகாது என்று ஒரு பயம். பேச்சியம்மாள் அன்றைக்கு அதை மறந்து வேலம்மாளின் பையை எடுத்துவிட்டாள். பிள்ளைக்குச் சேலை வேண்டுமே என்பது மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

“சேலை உள்ள இருக்கு தாயி,” என்றாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் ரொம்பச் சத்தமாகச் சொன்னாள்.

சண்முகக்கனி பையைப் பார்த்தாள். பேச்சியம்மாள் கையைப் பார்த்தாள். அழவில்லை. முக்குவதை நிறுத்திவிட்டாள். வலி வருகிறது, வயிறு கல்லாகிறது. அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டேன். டக், டக் என்று ஓடிக்கொண்டிருந்தது இப்போது நடக்கிறது. வலி விட்ட பிறகும் அது வேகம் எடுக்கவில்லை. அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். “முக்கு கனி, பிள்ளைக்கு ஆகாது, முக்கு.” அவள் காதில் ஏறவில்லை. அந்தப் பிள்ளை என் கண்ணெதிரே செத்துவிடும் என்று நினைத்தேன். பிள்ளையை வாங்க நானே கை வைக்கலாமா கூடாதா? வைத்துவிட்டேன்.

என் கைமேல் ஒரு கை விழுந்தது. ரூபி சிஸ்டர். கை கழுவி உறை மாட்டியிருந்தார். ஆனாலும் அவர் உடுப்பில் தீய்ந்த வாடை.

“எங்கம்மா எங்க சிஸ்டர்?”

சிஸ்டர் பையைப் பார்த்தார். தன் சட்டத்தைத் தானே உடைத்தார்.

“உங்கம்மா போயிட்டாவ கனி. நான்தான் கண்ணை மூடி விட்டேன். அழுகைக்கு நேரம் இருக்கு, நானும் உன்கூட இருந்து அழுவேன். இதுக்கு நேரம் இல்ல. அவிய கொண்டுவந்த சேலைக்குப் பிள்ளையக் குடு.”

சண்முகக்கனி கத்தினாள். வெடிச் சத்தத்தை மறந்தாலும் மறப்பேன், அந்தச் சத்தத்தை மறக்கமாட்டேன். அந்தக் கத்தலோடு தலை வந்தது. தோள் வந்தது. பெண் பிள்ளை. நீலமாக, சத்தமில்லாமல். சிஸ்டர் முதுகைத் துடைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுதது. பேச்சியம்மாளுக்கு அது கேட்கவில்லை. பிள்ளை வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

இப்போது மாணவிகளின் கைமேல் இருப்பது என் கை. பட்டாசு ஆலைப் பக்கத்திலிருந்து யாராவது பையோடு வந்தால் என் கை இன்னும் கனமாக அழுத்துகிறது. அடியில் கை வைத்திருக்கும் மாணவிகளுக்கு அது தெரியும்.

அன்றைக்குப் பறிபோனதைச் சொல்லிவிடுகிறேன். பிரசவ அறையின் ஜன்னல்கள். பேச்சியம்மாளின் இரண்டு காதும். தாயைத் தூக்கும்போது மகள் கூடப் போய் நிற்கும் உரிமை. சண்முகக்கனியால் எழுந்து போக முடியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அந்த ஆலை வழியாகப் போனேன். தப்பியவர்கள் தங்கள் பைகளை எடுத்துப் போயிருந்தார்கள். மீதி வேலியில் தொங்கின. ஐந்து.

செத்தவர்கள் ஆறு பேர். ஆறாவது பையைத் தலைக்கு வைத்து ஆஸ்பத்திரியில் சண்முகக்கனி படுத்திருந்தாள்.