கீழ்க்காய்நெல்லியில் பிழையில்லை

கீழ்க்காய்நெல்லியை அம்மியில்தான் அரைக்க வேண்டும். கிரைண்டரில் போட்டால் சூடேறிக் குணம் கெட்டுவிடும். இதுகூடத் தெரியாதவர்கள்தான் இன்று அதைக் குறை சொல்கிறார்கள்.

என் மகன் மெல்ரோயும் மருமகள் ரொஷேலும் ஹெந்தளையில் தனிவீடு பார்த்திருந்தார்கள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் காற்று வராதாம். அந்த நேரத்தில்தான் பார்மசியில் வாங்கிய வயிற்றுப் பூச்சிக் குளிசையை விழுங்கி, ரொஷேலுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செங்கமாரி கண்டது. ஆஸ்பத்திரியில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். "இவவின்ர உடம்புக்கு இந்தக் குளிசை ஒத்துவராது. திரும்பக் குடுத்தா ஈரலே போயிரும், கவனம்" என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவளை நான்தான் பார்த்தேன். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் கொடுப்பேன். அதுவரை என்னை அன்ரி என்றவள் மம்மி என்றாள். தலைவாரிவிடச் சொன்னாள். ஹெந்தளைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இந்த வீட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே கிடையாது.

கண்ணில் மஞ்சள் மறைந்ததும் மறுபடி பெட்டி கட்டினாள். "ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவம்தானே, அன்ரி" என்றாள். மம்மி போய் அன்ரி திரும்பிவிட்டது.

அன்றே நான் பார்மசிக்குப் போனேன். அதே பூச்சிக் குளிசையை நுணுக்கிப் போட்டால் பச்சை விழுதில் தெரியாது. அவளுக்குத் திரும்பவும் மஞ்சள் கண்டது, கட்டிய பெட்டியை அவிழ்த்தார்கள், நான் மம்மியானேன். தெளிவது போலிருந்தால் இன்னொன்று போடுவேன். கொல்ல நினைத்திருந்தால் எலிமருந்து வாங்கியிருக்க மாட்டேனா?

ஈரல் தாங்கவில்லை. நேற்று அடக்கம் முடிந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டபோது கீழ்க்காய்நெல்லியை மட்டும்தான் சொன்னேன். அவரும் நாட்டு மருந்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டார். மெல்ரோய் செடியைச் சட்டியோடு தெருவில் எறிந்து, "உங்கட பச்சிலைதான் அவளைச் சாகடிச்சது" என்று கத்தினான். எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேரைக் குணப்படுத்திய செடி அது. அந்தப் பழியை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான், சேர், நானே பொலிசுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், குளிசைதான் கொன்றது, செடியில்லை.

நான் ஒருநாளும் அவளை வற்புறுத்தியதில்லை. கடைசிக் காலையில், எழும்ப முடியாமல் கிடந்தவள், "அந்த மருந்தைத் தாங்கோ, மம்மி" என்று கேட்டுத்தான் வாங்கிக் குடித்தாள்.