கோட்டை வாசலும் மாதா சப்பரமும்

திருச்செந்தூர் பேருந்தில் முன்னிருக்கைப் பெண், “மாதாவை மறிக்கவா அகழி வெட்டுனிய?” என்றார். அவர் பக்கத்தில் இருந்தவரின் தம்பிதான் ஊர் மாதா கோயிலுக்கு அகழியோடு புது வாசல் கட்டிக் கொடுத்தவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“வேலூர்க் கோட்டையைப் பார்த்துட்டு ஆசையா கட்டுனான்.”

“அகழிப் பாலத்துக்கு நேரா வாசல் வைக்காம எதுக்கு அண்ணாச்சி வளைச்சிய?”

“யானை ஓடிவந்து கதவை முட்டக்கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படித்தான் கட்டுவாவ.”

“நம்ம ஊருக்கு எந்த யானை வருது? நாளைக்குத் திருவிழா. சப்பரம் அந்த வளைவுல எப்படித் திரும்பும்?”

“சப்பரத்தைச் சின்னதாக்கச் சொல்லுதான்.”

“உங்க தம்பி வாசலுக்காக மாதா சின்னதாகணுமோ?”

அவர் கைப்பேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார்.

“ஏலே, கொத்தனாரைக் கூப்பிடு. அந்த வளைவுச் சுவரை இன்னைக்கே இடிக்கணும். வளைவு அவ்வளவு பிடிச்சிருந்தா உன் வீட்டு வாசல்ல கட்டிக்கோலே!”