சிவக்காத மஞ்சக்கறை

ஆமாங்கண்ணா, நாகேஷ்தான். பிளேட்டிங் செக்சன் நாகேஷ். ஒல்லியா, உயரமா, எப்பப் பாத்தாலும் இருமிக்கிட்டே இருப்பாரே, அவரேதான். நான் அவர் சம்சாரம் பேசுறேன், சாந்தகுமாரி. அடுகோடியிலருந்துங்க. இங்க ஆம்ப்ரோஸ் அண்ணன் கடையில காயின் போன் இருக்கு, அதுலருந்து. கொஞ்சம் அவரக் கூப்பிட முடியுமாண்ணா? அவசரங்க.

ஐயோ, இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஒரு சின்ன விஷயம், வீட்டு விஷயம். அவர்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.

கேட்ட விட்டு நீங்க நகரக் கூடாதா? அதுவும் சரிதான். வாட்ச்மேனே கேட்ட விட்டுட்டுப் போனா அப்புறம் என்ன காவல். உள்ள போற ஆளுங்க யாராச்சும் வந்தா சொல்லி அனுப்புறீங்களாண்ணா? லாரி நிக்குதா? அப்போ டிரைவர் கையெழுத்து வாங்க உள்ள போவாரில்ல, அவர்கிட்ட சொல்லுங்க. நாகேஷுக்கு வீட்டுலருந்து போன், உடனே வரணும், அவ்ளோதான்.

சொல்லிட்டீங்களா? நீங்க நல்லா இருக்கணும். லைன மட்டும் வச்சிராதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். பீன்யாவுக்கு ஒரு லைன் கிடைக்கிறதுக்குள்ள பிராணன் போயிடுச்சு, எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. நேர்ல வரலாம்னா மெஜஸ்டிக் போயி பஸ் மாறி வரணும், அதுக்குள்ள... இல்ல, ஒண்ணுமில்ல. காசு இருக்குங்கண்ணா, பேசுங்க. ஆம்ப்ரோஸ் அண்ணன் சம்சாரம் நோராக்கா பக்கத்துலயே நிக்கிறாங்க, சில்லறை குடுப்பாங்க.

நீங்க கோவிந்தப்பா அண்ணன்தானே? குரலக் கேட்டதுமே நெனச்சேன். அவரு சொல்லியிருக்காரு. கேட்டுல கோவிந்தப்பான்னு ஒருத்தரு, கோலார் பக்கம், தங்கமான மனுஷன், நம்மள விட நல்லா தமிழ் பேசுவாருன்னு. அது என்ன சத்தம், உஸ்ஸு உஸ்ஸுன்னு? ஊதுறீங்களா? ஓ, சூடா குடிச்சிக்கிட்டிருக்கீங்களா! நான் வேற நடுவுல வந்துட்டேன். குடிங்கண்ணா, குடிங்க, எனக்காக நிறுத்தாதீங்க. ஆறிப்போனா அப்புறம் நல்லாவா இருக்கும்? இந்தக் குளிர்ல விடிஞ்சதுலருந்து கேட்டுலயே நிக்கிறீங்க, சூடா நாலு வாய் உள்ள எறங்குனாத்தான் தெம்பு.

டீ பெல் அடிச்சாச்சாண்ணா? இன்னும் இல்லயா? அப்பாடா. இல்ல, சும்மாதான் கேட்டேன். அவரு பிளாஸ்க்ல பால் கொண்டு வருவாரில்ல, டீ பெல் அடிச்சப்புறம்தான் குடிப்பாராம். மஞ்சப்பால். உங்களுக்குத் தெரியுமா அது? ஏன் சிரிக்கிறீங்க? வாசனை வருமா? வரும் வரும், நான் போடுற பாலு வாசனை எங்க தெருமுனை வரைக்கும் வரும்.

அந்த முலாம் போடுற தொட்டிலருந்து வர்ற புகைதாண்ணா அவர் நெஞ்சப் புடிச்சிருக்கு. டாக்டர் மருந்து ஒரு பக்கம், என் பாலு ஒரு பக்கம். கடைல விக்கிற மஞ்சத்தூள நான் தொடவே மாட்டேன். விரலி மஞ்சள் வாங்கி, வெயில்ல காயவச்சு, மிஷின்ல குடுத்து அரைச்சு வச்சிருக்கேன். பால் பொங்கி வரும்போது மஞ்சத்தூள், தட்டுன சுக்கு, பனங்கற்கண்டு, இருந்தா மிளகு. எறக்குனப்புறம் ஒரு சொட்டு நெய். நெய் விட்டாத்தான் தொண்டைல நிக்காம வழுக்கிக்கிட்டுப் போகும். இவ்ளோ பண்றேன், இருமல் மட்டும் கொறைஞ்ச பாடில்ல. ராத்திரி பூரா லொக்கு லொக்குன்னு. கேட்டா, உன் பாலக் குடிச்சாத்தாண்டி எனக்கு வேலையே ஓடுதுங்கறாரு. மறுபடியும் சிரிக்கிறீங்களே! பொண்டாட்டி பெருமை பேசுறாளேன்னுதானே?

ஸ்வல்ப இருங்கண்ணா, ஒரு நிமிஷம், காயின் போடுறேன்.

நோராக்கா, இங்க வாக்கா. ரிசீவர் வாய நல்லாப் பொத்தியிருக்கேன், அவருக்குக் கேக்காது. சொல்லிடு சொல்லிடுன்னா எப்படிக்கா சொல்றது? இந்த ஆளு யாரு தெரியுமா? சாயங்காலம் பையத் தொறந்து பாத்து வெளிய விடுறவரே இவருதான். இவர்கிட்டப் போயி, உங்க கம்பெனி பவுடர எங்க வீட்டுக்காரரு எடுத்துட்டு வந்து வச்சிருந்தாரு, அத நான் மஞ்சத்தூள்னு நெனச்சு பால்ல போட்டு அனுப்பிட்டேன்னு சொல்லவா? போன வாரம்தான் ஒருத்தரு டிபன் டப்பாவுல நிக்கல் துண்டு வச்சிருந்தாருன்னு போலீசக் கூப்பிட்டுட்டாங்க. நாகேஷ் லைன்ல வரட்டும். குடிக்காதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. வேலையும் நிக்கும், உசுரும் நிக்கும். காயின் ஓட்டையில போக மாட்டேங்குது, நீயே போடு.

ஆங், இருக்கேண்ணா, இருக்கேன். டிரைவரு இன்னும் ஆபீஸ் வாசல்லயே நிக்கிறாரா? கையெழுத்துப் போடுறவரு வரலையா? கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டு... மேனேஜர்கிட்டயா? வேணாண்ணா! மேனேஜர்கிட்டல்லாம் போக வேணாம், பெரிய மனுஷங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு. அவரே வரட்டும்.

குரலா? இல்லையே, சாதாரணமாத்தான் பேசுறேன். குளிருதுல்ல, அதான் நடுங்குற மாதிரி இருக்கும்.

அது என்னன்னா, காலைல கரெண்ட் போயிடுச்சுண்ணா. அவரு பஸ்ஸுக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு குதிக்கிறாரு, பால் பொங்குது, அடுப்படி கும்மிருட்டு. மெழுகுவத்தியத் தேடுறதுக்குள்ள பால் வழிஞ்சிடும்னு, கைய நீட்டி பாட்டில எடுத்து ஒரு ஸ்பூன் போட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி ஹார்லிக்ஸ் பாட்டிலு... ரெண்டுன்னா சொன்னேன்? இல்லண்ணா, ஒண்ணுதான். ஒரே பாட்டில்தான். பிளாஸ்க்ல ஊத்தும்போது ஜன்னல் வெளிச்சத்துல பாத்தேன், அப்படி ஒரு நிறம்! தங்கமாட்டம். ஆஹா, இன்னிக்குப் பால் எப்படி வந்திருக்குன்னு நானே சந்தோஷப்பட்டேன், பாருங்க.

ஒண்ணு கேக்கறேண்ணா. உங்க வீட்டுல அண்ணி துணி துவைக்கும்போது பாத்திருப்பீங்க. மஞ்சக்கறை மேல சோப்புப் போட்டா என்ன ஆகும்? ஆங், அதேதான், செவந்துடும். குங்குமம் மாதிரி ஆயிடும், அப்புறம் அலச அலச, வெயில்ல போடப் போட வெளுக்கும். இது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். காலைல ஸ்பூனத் தொடச்ச கரித்துணிக்கு சோப்புப் போட்டேன். செவக்கல. இன்னொரு தடவ தேச்சேன். செவக்கவே இல்லண்ணா. மஞ்சளாவே நிக்குது.

மஞ்சள்ல கலப்படமா இருக்குமா? இருக்கும்ணா. மிஷின்காரன் எதையாச்சும் கலந்திருப்பான். அப்படித்தான் இருக்கும்.

ஐயோ நோராக்கா, அவரு கலப்படங்கறாருக்கா. ரிசீவரப் பொத்தியிருக்கேன், கேக்காது. அந்தப் பவுடர வீட்டுல வைக்காதீங்கன்னு எத்தனை தடவ அடிச்சுக்கிட்டேன்! ஞாயித்துக்கிழமையானா பக்கத்து ஒர்க்‌ஷாப் போல்ட்டு நட்டெல்லாம் வாங்கிட்டு வந்து, பின்னாடி வாளியில முக்கி எடுத்து, மஞ்சப் பளபளப்பு ஏத்திக் குடுக்குறாரு. அதுக்குத்தான் இது. மழைக்காலத்துல கட்டி புடிச்சிடுதுன்னு, சூடா இருக்குற இடமாப் பாத்து அடுப்பு மேல அலமாரியில வச்சாரு. தொட்டா கை புண்ணாயிடும், உள்ள போனா ஆளே மிஞ்ச மாட்டான்னு அவர் வாயாலயே சொன்னாருக்கா. அவர் வாயாலயே.

அண்ணா! அது என்ன மணி? போன்ல கேக்குதே, டீ பெல்லா? டிரைவரு இன்னும் சொல்லலயா? ஓடுங்கண்ணா! கேட்டு கெடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. அந்தப் பிளாஸ்க்க மட்டும் அவரு தொடக் கூடாது. குடிக்க வேணாம்னு சொல்லுங்க. ஏன்னா... ஏன்னா உப்பு. ஆமா, உப்புண்ணா. பனங்கற்கண்டுன்னு நெனச்சு கல்லுப்ப அள்ளிப் போட்டுட்டேன். வாயிலயே வைக்க முடியாது, ஒரே கரிப்பு.

என்னது?

கரிக்கலையா? எப்பவும் போல இனிப்பாத்தான் இருக்கா?

உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?

தினமுமா? காலைல உள்ள போகும்போதே உங்க மேஜை மேல வச்சிட்டு, மத்தியானம் வந்து காலிப் பிளாஸ்க்க உள்ள எடுத்துட்டுப் போயிடுவாரா? அவருக்குப் பால் வாடையே ஆகாதா? கல்யாணம் ஆயி இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எனக்கு மனசு கஷ்டப்படும்னு உங்களையும் சொல்ல வேணாம்னுட்டாரா. அதுக்குத்தான் அப்பலருந்து சிரிச்சீங்களா.

அண்ணா, அப்போ நீங்க போன எடுத்ததுலருந்து ஊதி ஊதிக் குடிச்சீங்களே, அது டீ இல்லையா?

கீழ வைங்க. கீழ வைங்கண்ணா, உங்க கால்ல விழுறேன், இனிமே ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. எவ்ளோ குடிச்சீங்க? ஆறிப்போயிடும் குடிங்க குடிங்கன்னு நான்தானே சொன்னேன், என் வாயாலயே சொன்னேனே. தொண்டை எரியுதா? மிளகு தூக்கலாப் போட்டிருக்கேன்னு நெனச்சீங்களா? மிளகு தீந்து போயி நாலு நாளாச்சுண்ணா. இன்னிக்குப் பால்ல மிளகே இல்ல.

கைய விடு நோராக்கா. இனிமே மறைச்சு யாரக் காப்பாத்தப் போறேன்? வேலை போகட்டும், ஜெயில்ல போடட்டும், போ.

அண்ணா, நான் சொல்றதக் கேளுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, அந்த லாரியிலயே ஏறிப் போங்க. நாகேஷையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டரு என்ன பவுடருன்னு கேட்டா அதோட பேரு அவருக்குத்தான் தெரியும். ஆமாண்ணா, பவுடருதான். மஞ்சள் இல்ல. உங்க கம்பெனிப் பவுடரு. சாயங்காலம் அவரு வெளிய வரும்போது, காலிப் பிளாஸ்க்தானேன்னு நீங்க தொறந்து பாக்காம விடுவீங்களே, அதுலதான் வந்துச்சு.