மைனஸ் போர்டை உடைத்தது தொடர்பாக

என் பெயர் பிரேமாவதி, தகப்பனார் பெயர் காளிதாசன். வயது 43. குருண் ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டக் குடியிருப்பில், இரண்டாம் பிரிவு, 14-ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டில் வேலை. என் மீது டியூஷன் ஆசிரியர் சுகுமாரன் கொடுத்த புகாரைப் போலீஸ் கோப்ரல் ஜெயகுமார் எனக்குப் படித்துக் காட்டினார். அதற்கு என் பதில் இது.

என் மகள் தர்ஷாயினி ஆறாம் ஆண்டு மாணவி. தங்கும் பள்ளி நுழைவுத் தேர்வுக்காக ஜனவரி முதல் சுகுமாரனிடம் படித்தாள். வகுப்பு, பழைய சந்தைக்கு எதிரே கடைவீட்டின் மாடியில் நடக்கிறது. அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பு என்று அதன் தலையில் எழுதி, கீழே பிள்ளைகளின் பெயர்களையும் அவரவர் வாங்கிய கழிப்பையும் எழுதுவார். பிள்ளைகள் அதை மைனஸ் போர்டு என்பார்கள். கழிப்பே இல்லாத பெயருக்கு நட்சத்திரம். என் மகள் தொடர்ந்து நான்கு வாரம் நட்சத்திரம் வாங்கினாள்.

15.10.2024, செவ்வாய்க்கிழமை காலை அவள் பள்ளியின் கணினி அறையில் தேர்வு எழுதினாள். நான் மூன்றரைக்கு வீடு வந்தபோது வாசலிலேயே நின்று, "மா, ஒரு மைனஸ்கூட வாங்கியிருக்க மாட்டேன் மா. தெரியாத இருபத்தொரு கேள்வியையும் தொடவே இல்ல" என்றாள். எல்லாக் கேள்விகளுக்கும் விடையளிக்கவும் என்று திரையில் மலாயில் இருந்ததாகவும், அது பேராசைப்படுபவர்களைப் பிடிக்க வைத்த பொறி என்று டியூஷன் சார் முன்பே சொல்லியிருந்ததாகவும் சொன்னாள்.

அதன் பிறகு நான் பள்ளி ஆசிரியை வாசுகிக்குப் போன் செய்தேன். தேர்வு அறையில் இருந்தவர் அவர். அறுபது கேள்விகள், சரிக்கு ஒன்று, தவறுக்கும் பூஜ்யம், விட்டதற்கும் பூஜ்யம், கழிப்பு என்பதே கிடையாது என்றார். நான்கு விடைகளில் ஒன்று சரி என்பதால், இருபத்தொன்றையும் கண்ணை மூடித் தட்டியிருந்தாலும் ஏறக்குறைய ஐந்து மதிப்பெண் வந்திருக்கும் என்றும், ஒரே மதிப்பெண்ணில் நூறு பிள்ளைகள் நிற்கும் தேர்வு இது என்றும் சொன்னார். திரும்ப எழுத முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். என் மகளுக்கு இதை இன்னும் நான் சொல்லவில்லை.

இன்று புதன், வேலை முடிந்து தொழிற்சாலை உடையோடு டியூஷன் நிலையத்துக்குப் போனேன். இரண்டாவது குழுவாக நாளை வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இதே தேர்வை எழுதப் போகும் பதினொரு பேரில் ஒன்பது பேர் வகுப்பில் இருந்தார்கள். சுகுமாரனை வெளியே கூப்பிட்டு, ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு ஒரு கட்டுத் தாள்களைக் காட்டினார். அவை இந்தியாவில் பொறியியல் கல்லூரி நுழைவுக்குப் பயிற்சி தரும் தாள்கள். கேள்விகளோடு விதியையும் சேர்த்து நகல் எடுத்திருக்கிறார். நம் தேர்வின் விதிமுறையைப் படித்தீர்களா என்றேன். அவர் தாள்களை மறுபடி கட்டி வைத்தார்.

அந்த ஒன்பது பேரிடமாவது இப்போதே சொல்லுங்கள் என்றேன். "அக்கா, சும்மா பதறாதீங்கலா. நாளைக்கு எக்ஸாம வச்சிக்கிட்டு ரூல மாத்துனா பிள்ளைங்க குழம்பிடும். எனக்கும் பேரு போயிடும்" என்றார். "நாலுல ஒண்ணு எவ்ளோன்னு கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்தப் போனார்.

அதன் பிறகு நான் உள்ளே போய், தெரியாவிட்டாலும் ஒரு கேள்வியைக்கூட விடாதீர்கள், கழிப்பு இல்லை என்று உரக்கச் சொன்னேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி, "சார், ஆன்ட்டி சொல்றது மெய்யா?" என்றாள். அவர், "அந்த அக்காவுக்கு மகள் சரியா எழுதலன்னு கோவம். நீங்க போர்டப் பாருங்க" என்றார். போர்டில் என் மகள் பெயருக்கு நேராக நட்சத்திரம் இருந்தது. நான் போர்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. அது மேசையில் விழுந்து, மேசையில் இருந்த அவருடைய மடிக்கணினியின் திரை உடைந்தது. கணினியை நான் தொடவில்லை. அவரை அடித்ததாகப் புகாரில் இருப்பது பொய். போர்டை வேண்டுமென்றேதான் இழுத்தேன்.

வருந்துகிறேன் என்று எழுதட்டுமா என்று கோப்ரல் கேட்டார். எழுத வேண்டாம் என்றேன்.

வேறு ஏதும் சேர்க்க வேண்டுமா என்று கேட்கப்பட்டதற்கு: நாளை எழுத வேண்டியவர்களில் இன்று வகுப்புக்கு வராத இரண்டு பேர், முருகையா மகள் ஹரிணியும் இருளப்பன் மகன் லோகேந்திரனும். இரண்டு வீடும் எங்கள் தோட்டத்தில், முதல் பிரிவில் இருக்கின்றன. என் கைப்பேசி போலீசிடம் இருக்கிறது. நான் இங்கிருந்து போக எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, அந்த இரண்டு வீட்டுக்கும் முதலில் யாராவது போன் செய்து, எல்லாக் கேள்விக்கும் விடை போடச் சொல்ல வேண்டும்.

எனக்குப் புரியும் தமிழில் இது வாசிக்கப்பட்டது. ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. நான் கண்டதும் செய்ததும் இவ்வளவே, இவை உண்மை.

(ஒப்பம்) கா. பிரேமாவதி
16.10.2024, மாலை மணி 5.50